மூங்கில் பூத்தால் பஞ்சம்... மிசோரமின் வரலாற்றை மாற்றிய 48 ஆண்டுக் கணக்கு!

பூ பூத்தால் யாருக்கும் மனசு குளிரும். ஆனால், மிசோரம் மாநிலத்தில் ஒரே ஒரு பூ மட்டும் பூக்கவே கூடாது என்று வேண்டிக்கொள்வார்கள். அது மூங்கில் பூ!

மலைச்சரிவு முழுக்க மூங்கில் பூத்துவிட்டால், அடுத்து எலிகள் பெருகும். எலிகள் பெருகினால் வயலில் ஒரு மணி நெல்கூட மிஞ்சாது. நெல் இல்லையென்றால் பஞ்சம். இதற்கு மிசோ மொழியில் 'மௌதம்' என்று பெயர். 'மௌ' என்றால் மூங்கில், 'தம்' என்றால் சாவு. மூங்கில் பூத்துச் சாகும் காலம் என்று பொருள்.

1950-களின் இறுதியில் இப்படி ஒரு பஞ்சம் வரப்போகிறது என்று மிசோ மக்கள் முன்கூட்டியே சொன்னார்கள். 'மூடநம்பிக்கை' என்று சொல்லி அரசு அதை ஒதுக்கியது. அதன் விளைவு, 20 ஆண்டுகள் நீடித்த ஆயுதப் போராட்டம். சொந்த நாட்டின் விமானப்படையே குண்டு வீசிய ஒரு நகரம். இடம் மாற்றப்பட்ட நூற்றுக்கணக்கான கிராமங்கள். மிசோரம் என்ற மாநிலம் பிறந்த கதையை, இந்த மூங்கிலைத் தவிர்த்துவிட்டுச் சொல்லவே முடியாது.

மடிப்பு மடிப்பாக மலைகள்!

இந்திய வரைபடத்தில் வடகிழக்கின் தென்கோடியில், பங்களாதேஷுக்கும் மியான்மருக்கும் நடுவே நீண்டு தொங்குகிற நிலம்தான் மிசோரம். இந்தியாவுக்குள் அஸ்ஸாம், திரிபுரா, மணிப்பூர் ஆகிய மூன்று மாநிலங்கள் இதன் அண்டை வீட்டுக்காரர்கள். பரப்பளவு சுமார் 21,000 சதுர கிலோமீட்டர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, மொத்த மாநிலத்திலும் வாழ்பவர்கள் சுமார் 11 லட்சம் பேர்தான்.

சமவெளி என்று சொல்ல மிகக் குறைந்த இடமே உண்டு. வடக்கிலிருந்து தெற்காக, வரிசை வரிசையாக மலைத்தொடர்கள். ஒவ்வொரு தொடருக்கும் நடுவில் ஆழமான பள்ளத்தாக்கு, அதில் ஓர் ஆறு. விசிறி மடிப்பைப்போல இருக்கும் இந்த அமைப்பால், கண்ணுக்கு எதிரே தெரிகிற ஊருக்குப் போகக்கூட மலையிறங்கி, ஆற்றைக் கடந்து, மறுபடியும் மலையேற வேண்டும். மிக உயர்ந்த சிகரமான பாங்புய், 2,157 மீட்டர் உயரம். 'நீலமலை' என்று இதற்கு இன்னொரு பெயரும் உண்டு. தலைநகர் ஐஸ்வால், கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேல், ஒரு மலைமுகட்டின் மீது அடுக்கடுக்காகக் கட்டப்பட்ட நகரம்.

மாநிலத்தின் 80 சதவிகிதத்துக்கும் அதிகமான நிலம் பசுமைப் போர்வைக்குள் இருக்கிறது. அதில் பெரும்பங்கு மூங்கில். வீடு கட்ட, கூடை முடைய, தண்ணீர் பிடிக்க, குருத்தைச் சமைத்துச் சாப்பிட என்று எல்லாவற்றுக்கும் மிசோ மக்களுக்கு மூங்கில் வேண்டும். மலைச்சரிவில் காட்டை வெட்டி, காயவைத்து, எரித்து, அந்தச் சாம்பலில் நெல் விதைக்கும் 'ஜூம்' சாகுபடிதான் காலங்காலமாக அவர்களுக்குச் சோறு போட்டது. மார்ச்சில் எரிப்பார்கள். மழை தொடங்கும்போது விதைப்பார்கள். மழை ஓய்ந்த பிறகு அறுவடை. ஆண்டுக்கு ஒரே ஒரு போகம்தான். அது போனால், அந்த ஆண்டே போச்சு!

பூவிலிருந்து பஞ்சம் எப்படி வருகிறது?

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது நமக்குத் தெரியும். மிசோரம் காடுகளில் அதிகமாக இருக்கும் 'மெலோகன்னா பாசிஃபெரா' என்ற மூங்கில் வகை, ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. அதுவும் தனித்தனியாக அல்ல. அந்த வட்டாரம் முழுக்க இருக்கும் மூங்கில்கள் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் பூத்து, காய்த்து, பிறகு மொத்தமாகச் செத்துப்போகின்றன.

பெரும்பாலான மூங்கில்களில் நெல் போன்ற சின்ன விதைகள்தான் வரும். இந்த வகையில் பேரிக்காய் அளவுக்குச் சதைப்பற்றுள்ள காய்கள் காய்க்கும். காடு முழுக்க அவை கொட்டிக்கிடக்கும்போது, எலிகளுக்கு அது விருந்து. எலியின் கர்ப்பகாலம் சுமார் மூன்று வாரம்தான். தீனிக்குக் குறைவில்லை என்றால் குட்டிமேல் குட்டியாகப் போட்டுக்கொண்டே இருக்கும். சில மாதங்களில் காட்டில் எலிகளின் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் பெருகிவிடும்.

பிரச்னை, காட்டில் காய்கள் தீர்ந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. பசித்த எலிக் கூட்டம் அப்படியே ஜூம் வயல்களுக்குள் இறங்கும். கதிர் முற்றி நிற்கும் வயலை ஒரே இரவில் காலி செய்துவிடும். காலையில் வந்து பார்க்கும் விவசாயிக்கு வெறும் தாள்தான் மிச்சமிருக்கும். களஞ்சியத்தில் சேர்த்துவைத்த தானியத்தையும் எலிகள் விடாது.

மூங்கில் ஏன் இவ்வளவு காலம் காத்திருந்து ஒன்றாகப் பூக்க வேண்டும்? 1976-ல் டேனியல் ஜான்சன் என்ற அமெரிக்க உயிரியலாளர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்த்தால், விதை தின்னும் விலங்குகள் அத்தனையையும் தின்றுவிடும். பல ஆண்டுகள் ஒன்றும் கொடுக்காமல் இருந்துவிட்டு, திடீரென்று தின்னவே முடியாத அளவுக்குக் கொட்டினால், எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் முளைத்துக் காடாகும். அதாவது, எலிகளிடமிருந்து தன் சந்ததியைக் காப்பாற்றிக்கொள்ள மூங்கில் கண்டுபிடித்த வழி இது. அதற்கான விலையைக் கொடுப்பது, அந்தக் காட்டின் ஓரத்தில் நெல் விதைத்த மனிதன்.

இந்த விளக்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பே மிசோ மக்கள் கணக்கு வைத்திருந்தார்கள். 1862-ல் ஒரு மௌதம், 1911-ல் அடுத்தது. வேறொரு மூங்கில் வகை பூப்பதால் வரும் பஞ்சத்துக்கு 'திங்தம்' என்று தனிப்பெயர். அது 1881-லும் 1929-லும் வந்தது. இந்த வரிசைப்படி பார்த்தால், அடுத்த மௌதம் 1959-ஐ ஒட்டி வர வேண்டும்!

'லூஷாய் மலை' மிசோ மாவட்டமான கதை

அதற்கு முன் கொஞ்சம் பழைய வரலாறு. மிசோ குலங்கள் கிழக்கே, இன்றைய மியான்மரின் சின் மலைகள் வழியாகப் படிப்படியாக இங்கே வந்து சேர்ந்தவர்கள். ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு தலைவர். அவர் சொல்தான் சட்டம். 19-ம் நூற்றாண்டில் அஸ்ஸாமின் காசார் பகுதியில் ஆங்கிலேயர்களின் தேயிலைத் தோட்டங்கள் மலையடிவாரம் வரை விரிந்தபோது மோதல் தொடங்கியது. 1871-ல் அலெக்ஸாண்டர்பூர் தோட்டத்தைத் தாக்கிய மிசோ வீரர்கள், மேரி வின்செஸ்டர் என்ற சிறுமியைத் தூக்கிச் சென்றார்கள். அவளை மீட்க ஆங்கிலேயப் படை மலையேறியது. 1890-களில் மலைகள் முழுவதும் அவர்கள் கைக்கு வந்தன. 1898-ல் வடக்கும் தெற்கும் இணைக்கப்பட்டு, அஸ்ஸாமின்கீழ் 'லூஷாய் மலை மாவட்டம்' ஆனது.

1894-ல் வந்த லோரெய்ன், சாவிட்ஜ் என்ற இரண்டு மிஷனரிகள், அதுவரை எழுத்து இல்லாத மிசோ மொழிக்கு ரோமன் எழுத்துகளை அமைத்துக் கொடுத்தனர். பள்ளிகள் வந்தன. இரண்டு தலைமுறைக்குள் அந்தச் சமூகம் பெரும்பாலும் கிறிஸ்தவத்துக்கு மாறியது. எழுத்தறிவில் இன்று மிசோரம் சிறப்பாகப் பேசப்படுவதற்கான விதை அப்போது போடப்பட்டதுதான். 2011 கணக்கெடுப்பில் மிசோரமின் எழுத்தறிவு 91 சதவிகிதத்துக்கும் மேல்.

சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த மலைகள் அஸ்ஸாமின் ஒரு மாவட்டமாகவே தொடர்ந்தன. 1952-ல் மாவட்ட கவுன்சில் அமைந்தது. 1954-ல் பெயர் 'மிசோ மாவட்டம்' என்று மாறியது. கிராமத் தலைவர்களின் பரம்பரை உரிமைகளும் அதே காலகட்டத்தில் ஒழிக்கப்பட்டன. ஆனால், பணமும் அதிகாரமும் சமவெளியில் இருந்த அஸ்ஸாம் அரசிடம்தான் இருந்தன.

'மூடநம்பிக்கை' என்று சொன்ன அரசு

1958-ல் மூங்கில்கள் பூக்கத் தொடங்கின. பெரியவர்கள் எச்சரித்தார்கள். மிசோ மாவட்ட கவுன்சில் தீர்மானம் போட்டு, 'பஞ்சம் வரப்போகிறது, முன்னேற்பாடுகளுக்கு 15 லட்சம் ரூபாய் ஒதுக்குங்கள்' என்று அஸ்ஸாம் அரசைக் கேட்டது. பூ பூப்பதற்கும் பஞ்சத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அரசு அதைப் பழங்குடிகளின் மூடநம்பிக்கையாகவே பார்த்தது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

1959-ல் எலிகள் வந்தன. நெல் போனது. மக்கள் காட்டுக்குள் கிழங்கு தோண்டப் போனார்கள். அரசு உதவி வந்து சேர்ந்தபோது அது தாமதமாகவும் போதாமலும் இருந்தது. சாலையே இல்லாத மலைக் கிராமங்களுக்கு அரிசி மூட்டையை மனிதர்கள்தான் முதுகில் சுமந்து போக வேண்டும்.

அந்த வேலையைச் செய்ய இளைஞர்கள் திரண்டார்கள். 'மிசோ தேசியப் பஞ்ச முன்னணி' என்ற அமைப்பு 1960-ல் உருவானது. அதன் தலைவர் லால்டெங்கா. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்துவிட்டு, பிறகு மாவட்ட கவுன்சில் அலுவலகத்தில் கணக்கராக வேலை பார்த்தவர். அந்த அமைப்பின் தொண்டர்கள், எந்த அதிகாரியும் எட்டிப்பார்க்காத கிராமங்களுக்கெல்லாம் அரிசி கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மக்கள் மனதில் அவர்கள் இடம்பிடித்தது அப்படித்தான்.

அதே 1960-ல் அஸ்ஸாம் அரசு, அஸ்ஸாமிய மொழியை மாநிலத்தின் ஆட்சி மொழியாக்கிச் சட்டம் கொண்டுவந்தது. பசியில் இருந்த மலைமக்களுக்கு இது எரிகிற நெருப்பில் எண்ணெய். 1961 அக்டோபர் 22-ம் தேதி, அமைப்பின் பெயரிலிருந்து 'பஞ்ச' என்ற சொல் மட்டும் எடுக்கப்பட்டது. நிவாரணக் குழு, 'மிசோ தேசிய முன்னணி' என்ற அரசியல் கட்சியானது. அதன் கோரிக்கை, தனிநாடு!

ஐஸ்வால் மீது விழுந்த குண்டுகள்

1966 பிப்ரவரி 28-ம் தேதி இரவு, ஐஸ்வால், லுங்லெய், சம்பாய் உள்ளிட்ட இடங்களில் இருந்த பாதுகாப்புப் படை முகாம்களையும் அரசு அலுவலகங்களையும் முன்னணியின் ஆயுதக்குழுவினர் ஒரே நேரத்தில் தாக்கினார்கள். இந்த நடவடிக்கைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆபரேஷன் ஜெரிக்கோ'. மறுநாள், மார்ச் 1 அன்று சுதந்திரப் பிரகடனம் வெளியானது.

இந்திரா காந்தி பிரதமராகி அப்போது இரண்டு மாதங்கள்கூட முழுதாக முடியவில்லை. ஐஸ்வாலில் அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் முகாம் முற்றுகையில் சிக்கியிருந்தது. மலைப்பாதையில் ராணுவம் வந்து சேர நாளாகும். இந்நிலையில்தான் மார்ச் 5-ம் தேதி, விமானப்படையின் போர் விமானங்கள் ஐஸ்வால் மீது குண்டுகளை வீசின. டாவ்ர்புய் போன்ற குடியிருப்புகள் தீப்பிடித்து எரிந்தன. மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பள்ளத்தாக்குகளுக்குள் ஓடி ஒளிந்தார்கள். இந்திய அரசு தன் சொந்த மக்கள் வாழும் பகுதியில் விமானத்திலிருந்து குண்டு வீசிய நிகழ்வாக, இன்றுவரை இது ஒன்றுதான் குறிப்பிடப்படுகிறது.

நகரங்களை ராணுவம் சில நாள்களில் மீட்டுவிட்டது. முன்னணியினர் காட்டுக்குள்ளும், அன்றைய கிழக்கு பாகிஸ்தானுக்குள்ளும் போய்விட்டார்கள். கிராமங்களிலிருந்து அவர்களுக்கு உணவும் தகவலும் போவதைத் தடுக்க அரசு எடுத்த முடிவு, மிசோரமின் முகத்தையே மாற்றியது. 1967 தொடங்கி, சிதறிக்கிடந்த கிராமங்களைக் காலிசெய்து, நெடுஞ்சாலை ஓரங்களில் காவலுக்குட்பட்ட மையங்களில் மக்களைக் குடியமர்த்தினார்கள். மொத்தம் இருந்த 764 கிராமங்களில் 516 காலிசெய்யப்பட்டு, 110 மையங்களுக்குள் அடைக்கப்பட்டன. வெளியே போக, வர அனுமதிச் சீட்டு. இரவில் ஊரடங்கு. எட்டாத தூரத்தில் கிடந்த ஜூம் வயல்கள் பாழாயின. எலிகள் ஒருமுறை பறித்த சோற்றை, இந்த முறை மனிதர்களே பறித்தார்கள்.

பிற்பாடு கெடுபிடிகள் தளர்ந்தபோதும், பழைய ஊருக்குத் திரும்பாமல் சாலையோரத்திலேயே தங்கியவர்கள் ஏராளம். மலையும் காடுமான மிசோரமில், 2011 கணக்குப்படி பாதிக்கும் மேற்பட்ட மக்கள் நகரங்களில் வாழ்கிறார்கள் என்பது பலருக்கு ஆச்சர்யமாக இருக்கும். அதற்கு அந்தக் குடியமர்த்தலும் ஒரு முக்கியக் காரணம்.

ஒரு கையெழுத்து, 23-வது மாநிலம்

1972-ல் அஸ்ஸாமிலிருந்து பிரிக்கப்பட்டு மிசோரம் யூனியன் பிரதேசம் ஆனது. துப்பாக்கிச் சத்தம் ஓயவில்லை. பேச்சுவார்த்தைகள் தொடங்குவதும் முறிவதுமாக ஆண்டுகள் ஓடின. ஊரடங்கில் களைத்துப்போன மக்களும், தேவாலயங்களும், மாணவர் அமைப்புகளும் 'சமாதானம் வேண்டும்' என்று இரு தரப்பையும் நெருக்கினார்கள்.

ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோது, 1986 ஜூன் 30-ம் தேதி மிசோ ஒப்பந்தம் கையெழுத்தானது. மத்திய அரசு சார்பில் கையெழுத்திட்டவர் உள்துறைச் செயலாளர் ஆர்.டி.பிரதான். அன்றுதான் அவர் பணி ஓய்வுபெறும் நாளும்கூட! முன்னணியினர் ஆயுதங்களை ஒப்படைத்தார்கள். அப்போதைய முதல்வர் லால் தன்ஹாவ்லா, லால்டெங்காவுக்காகத் தன் நாற்காலியை விட்டுக்கொடுத்தார். 1987 பிப்ரவரி 20 அன்று இந்தியாவின் 23-வது மாநிலமாக மிசோரம் உதயமானது. மிசோக்களின் மரபுச் சட்டம், மதப் பழக்கங்கள், நில உரிமை ஆகியவற்றில் நாடாளுமன்றச் சட்டங்கள், மாநிலச் சட்டமன்றம் ஒப்புக்கொண்டால்தான் செல்லும் என்று அரசமைப்புச் சட்டத்தில் 371-ஜி பிரிவு சேர்க்கப்பட்டது.

தேர்தலில் வென்று முதல்வரான லால்டெங்காவின் ஆட்சி, 1988-ல் கட்சித் தாவலால் கவிழ்ந்தது. 20 ஆண்டுகள் துப்பாக்கி ஏந்திய இயக்கம், அப்போதும் காட்டுக்குத் திரும்பவில்லை. அடுத்த தேர்தலுக்குத் தயாரானது. இந்தியாவின் மிக வெற்றிகரமான சமாதான ஒப்பந்தம் என்று மிசோ ஒப்பந்தத்தை இன்றும் சொல்வதற்கு இதுவே காரணம். ஜூன் 30-ம் தேதியை மிசோரம் சமாதான நாளாகக் கொண்டாடுகிறது.

மீண்டும் பூத்தது மூங்கில்

வரலாறு சில நேரம் வேடிக்கையாகத் திரும்பி வரும். 48 ஆண்டுக் கணக்குப்படி அடுத்த மௌதம் 2006 முதல் 2008 வரை வந்தபோது, மாநிலத்தை ஆண்டது யார் தெரியுமா? பஞ்சத்தில் பிறந்த அதே மிசோ தேசிய முன்னணி! முதல்வர், லால்டெங்காவின் வலதுகரமாகக் காட்டில் இருந்த ஸோரம்தங்கா.

இந்த முறை யாரும் மூடநம்பிக்கை என்று சொல்லவில்லை. மூங்கில் பூப்பதற்கு முன்பே தனித் திட்டம் போடப்பட்டு, மத்திய அரசின் நிதியும் வந்தது. நெல்லுக்குப் பதில் எலி அதிகம் தொடாத இஞ்சி, மஞ்சள் பயிரிடச் சொன்னார்கள். பூக்கும் முன்பே மூங்கிலை வெட்டி விற்க வழிசெய்தார்கள். எலிவால் கொண்டுவந்தால் ஒன்றுக்கு 2 ரூபாய் பரிசு! மக்கள் வேட்டையாடிக் குவித்த வால்களை அதிகாரிகள் எண்ணி, எரித்தார்கள்.

ஆனாலும் பயிர்ச்சேதத்தைத் தடுக்க முடியவில்லை. பல விவசாயிகள் மொத்த விளைச்சலையும் இழந்தார்கள். நிவாரணம் சரியாகப் போய்ச் சேரவில்லை என்ற கோபமும் இருந்தது. 2008 டிசம்பர் தேர்தலில், மொத்தமுள்ள 40 தொகுதிகளில் ஆளும் முன்னணிக்குக் கிடைத்தது மூன்றுதான். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. என்றாலும், ஒரு மௌதத்தில் எழுந்த கட்சி, அடுத்த மௌதத்தை ஒட்டி ஆட்சியை இழந்தது.

முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. 1959-ல் நடந்ததுபோல, பசி ஒரு கிளர்ச்சியாக வெடிக்கவில்லை. ரேஷன் அரிசி வெளியிலிருந்து வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், மியான்மரின் சின் மாநிலத்திலும் அதே மூங்கில் பூத்தது, அதே எலிகள் வந்தன. அங்கே ராணுவ ஆட்சி. உதவி கிடைக்காமல் பட்டினியில் வாடிய குடும்பங்கள், எல்லை தாண்டி மிசோரமுக்கே வந்து சேர்ந்தன. பூவும் எலியும் பயிரை மட்டும்தான் அழிக்கின்றன. அது பஞ்சமாக மாறுவதும் மாறாததும் அரசின் கையில் இருக்கிறது என்பதை, மலையின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் காட்டின.

அடுத்தது எப்போது?

இன்றைய மிசோரமுக்குப் போகிறவர்கள், ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய உள்எல்லை அனுமதிச் சீட்டைக் கட்டாயம் வாங்க வேண்டும். ஹாரன் சத்தம் அதிகம் கேட்காத ஐஸ்வால் தெருக்கள், விலைப்பட்டியலையும் பணப்பெட்டியையும் வைத்துவிட்டுக் கடைக்காரர் வயலுக்குப் போய்விடும் சாலையோரக் கடைகள் என்று சுற்றுலா வருபவர்களைக் கவரும் விஷயங்கள் பல. 'த்லாம்ங்ஐஹ்னா' என்று மிசோக்கள் சொல்லும், தன்னை முன்னிறுத்தாமல் பிறருக்கு உதவும் பண்புதான் இவற்றுக்கு அடித்தளம்.

2025 செப்டம்பரில் ஐஸ்வாலுக்கு அருகே உள்ள சாய்ராங் வரை ரயில் வந்துவிட்டது. பைராபியிலிருந்து சுமார் 51 கி.மீ தூரத்துக்குள் 48 சுரங்கப்பாதைகள். ஒரு பாலம் குதுப் மினாரைவிட உயரம். முன்பு முதுகில் சுமந்து போன அரிசி, இனி ரயிலில் தலைநகரின் வாசல் வரை வரும்.

ஆனால், அந்த ஸ்டேஷனைத் தாண்டிய கிராமங்களில் இன்றும் மலைச்சரிவு வயலை நம்பி வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. 1977-ல் ஒரு திங்தம் வந்தது. அதோடு 48-ஐக் கூட்டினால் 2025. பெரிய மௌதத்தின் அடுத்த முறை 2054-ஐ ஒட்டி.

ஓர் அதிகாரி ஓர் ஊரில் இருப்பது மூன்று ஆண்டு. ஓர் அரசின் ஆயுள் ஐந்து ஆண்டு. மூங்கிலுக்கோ 48 ஆண்டு. கடந்த மௌதத்தின்போது எலிவால் எண்ணிய சிறுவர்கள், அடுத்த மௌதத்தில் கிராமத்துப் பெரியவர்களாக இருப்பார்கள். 'மூங்கில் பூக்கப்போகிறது' என்று அவர்கள்தான் முதலில் சொல்வார்கள். 1958-ல் கேட்காமல் விட்டதைப்போல, அப்போதும் அரசு கேட்காமல் விட்டுவிடக் கூடாது.